எஃப்-ஜீரோ ஜிஎக்ஸ்: இந்தக் கடினம் நியாயமானதா?

நள்ளிரவு_ஓட்டுநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2003இல் நின்டெண்டோவின் கேம்க்யூப் கருவிக்கு வெளிவந்த எஃப்-ஜீரோ ஜிஎக்ஸ் பந்தய விளையாட்டை, அது 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 கருவியோடு சேர்ந்து நின்டெண்டோவின் பழைய விளையாட்டுகளின் தொகுப்பில் இடம்பெற்ற பிறகுதான் முதன்முறையாகத் தொட்டேன். தரையைத் தொடாமல் மிதந்தபடி மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாயும் முப்பது மெஷின்கள் ஒரே தடத்தில் முட்டி மோதுவதும், அத்தனை நெரிசலிலும் திரை நொடிக்கு 60 சட்டகங்களில் ஒரு சிறு தயக்கமும் இல்லாமல் ஓடுவதும், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டு என்பதையே மறக்கச் செய்துவிடுகின்றன. கண்ணுக்கும் காதுக்கும் விருந்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் கதைப் பகுதியில்தான். நாயகன் கேப்டன் ஃபால்கனாக ஒன்பது அத்தியாயங்களை முடிக்க வேண்டும். பாறைகள் உருண்டு விழும் பள்ளத்தாக்கில் போட்டியாளர் சாமுராய் கோரோவை முந்தும் இரண்டாம் அத்தியாயமே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மூடிக்கொண்டே வரும் கதவுகளுக்கு இடையே தப்பிக்கும் ஐந்தாவதையும், வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் வெடித்துவிடும் குண்டோடு ஓடும் ஆறாவதையும் எப்படியோ கடந்தேன். ஏழாவதில் முழுமையாக நின்றுவிட்டேன். எதிரே 29 போட்டியாளர்கள் இருக்கிறார்கள். முதலிடம் தவிர வேறெந்த இடமும் தோல்விதான். இத்தனைக்கும் நான் எடுத்திருப்பது மூன்று நிலைகளில் மிக எளிதான முதல் நிலை. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால், குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு மணிவரை தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். நீண்ட நாள் விளையாடியவர்கள் இந்தக் கடினத்தை ஆட்டத்தின் சிறப்பு என்று புகழ்கிறார்கள். இது உண்மையில் திறமையைக் கேட்கும் கடினமா, அல்லது எங்கே என்ன விழும் என்பதை மனப்பாடம் செய்யவைக்கும் முரட்டுத்தனமா? நான் தொடர்ந்து முயல்வதில் பொருள் உண்டா, அல்லது கோப்பைகளுக்காக ஓடும் கிராண்ட் ப்ரீ பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பழைய_மெமரிகார்டு எழுதியது:

நண்பரே, இந்த விளையாட்டை அது வெளிவந்த காலத்திலிருந்தே ஆடி வருகிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று தோன்றுவதால் அவற்றைப் பிரித்தே பதில் சொல்கிறேன்.

எஃப்-ஜீரோவின் உயிர்நாடி, மெஷினின் உயிரைத் திரையில் காட்டும் அந்த ஒற்றை ஆற்றல் பட்டை. 1990இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவியில் வந்த முதல் விளையாட்டில் ஒவ்வொரு சுற்றை முடிக்கும்போதும் ஒரு பூஸ்ட், அதாவது சிறிது நேர வேக உந்துதல், இலவசமாகக் கிடைத்தது. அதைப் பயன்படுத்துவதால் உங்கள் ஆற்றல் குறையாது. 1998இல் நின்டெண்டோ 64க்கு வந்த எஃப்-ஜீரோ எக்ஸ்தான் இரண்டையும் ஒன்றாக்கியது. முதல் சுற்று முடிந்தபின் பூஸ்ட் எப்போது வேண்டுமானாலும் உண்டு, ஆனால் அதற்கான விலை உங்கள் உயிரிலிருந்தே கழியும். சுவரில் இடித்தாலும் அதே பட்டை குறையும், வேகம் கேட்டாலும் அதே பட்டை குறையும். கையிருப்பை எங்கே செலவழிப்பது, தடத்தில் ஆற்றல் நிரப்பும் இடம்வரை எதை மிச்சம் வைத்துச் செல்வது என்ற கணக்கை மணிக்கு 1,300 கிலோமீட்டர் வேகத்தில் போட வேண்டியிருக்கிறது. ஜிஎக்ஸின் கிராண்ட் ப்ரீயில் நான் தோற்ற ஒவ்வொரு முறையும் தவறு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஆகவே அந்தக் கடினத்தை நியாயமானது என்று தயங்காமல் சொல்வேன்.

கதைப் பகுதி அந்தக் கணக்கைப் பெரும்பாலும் பறித்துவிடுகிறது. மெஷினை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. 1,260 கிலோ எடையுள்ள ப்ளூ ஃபால்கன் ஒன்றுதான். கதவு மூடும் நேரமும் பாறை விழும் இடமும் முன்பே எழுதப்பட்டவை. முதல்முறை பார்க்கும்போது தப்பிப்பது அதிர்ஷ்டம், இருபதாவது முறை தப்பிப்பது நினைவாற்றல். அதனால் ஐந்தாம் அத்தியாயத்தை மனப்பாடம் என்று நீங்கள் குறை சொன்னால் மறுக்க மாட்டேன். அத்தியாயங்களை மிகக் கடின நிலையில் முடித்தால்தான் ஆர்கேடு பதிப்பான எஃப்-ஜீரோ ஏஎக்ஸின் ஓட்டுநர்கள் கிடைப்பார்கள் என்று வைத்ததும் எனக்குப் பிடிக்காத முடிவு. அக்காலத்தில் ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக்கூடத்தில், இருந்த ஏஎக்ஸ் இயந்திரத்தில் கேம்க்யூபின் சேமிப்பு அட்டையான மெமரி கார்டைச் செருகி அவர்களைப் பெற ஒரு குறுக்குவழி இருந்தது. அந்த இயந்திரம் இருக்கும் ஊரில் பிறக்காதவர்களுக்கு அந்த வழி இல்லை.

ஏர்பிரேக் எழுதியது:

நான் இதேபோல் மிதக்கும் ஊர்திகள் ஓடும் இன்னொரு பந்தய வரிசையான வைப்அவுட் பக்கத்திலிருந்து வருபவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சாய்வை அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள்.

லிவர்பூலின் சிக்னோசிஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட முதல் வைப்அவுட்டும் இதே குற்றச்சாட்டைக் கேட்டது. அதில் சுவரை உரசினால் ஊர்தி கிட்டத்தட்ட நின்றேவிடும். அடுத்த ஆண்டே வந்த வைப்அவுட் 2097 அந்தத் தண்டனையைத் தளர்த்தியது. வேகம் கூடியும்கூட ஆட்டம் கையாளக்கூடியதாக மாறியது. தங்கள் தவறை ஏற்றுத் திருத்திய ஆக்குநர்கள் என்ற மரியாதை எனக்கு அவர்கள்மீது எப்போதும் உண்டு. ஜிஎக்ஸை உருவாக்கிய சேகாவின் அம்யூஸ்மென்ட் விஷன் குழு ஆர்கேடு மரபிலிருந்து வந்தது. காசு போட்டு நிற்பவரை மூன்று நிமிடத்தில் வெளியே தள்ளும் பழக்கம் வீட்டுக் கருவியிலும் தொடர்ந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

இன்னொன்று. வைப்அவுட்டில் இடது, வலது என இரண்டு காற்றுத் தடைகள் உண்டு. வளைவில் ஒரு பக்கத் தடையை மெல்லப் பிடித்து மூக்கைத் திருப்பும்போது, ஊர்திக்கு எடை இருப்பதை உங்கள் விரல் உணரும். ஜிஎக்ஸில் எனக்கு அந்த எடை கிடைக்கவே இல்லை. தண்டவாளத்தில் ஓடும் ரயிலைப் போலச் சில நேரம், சோப்புத் தண்ணீரில் வழுக்குவதைப் போலச் சில நேரம். உயிரை விற்று வேகம் வாங்கும் அந்தப் பேரம் நல்ல யோசனைதான், வைப்அவுட்டில் அது இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நல்ல யோசனைக்காக இரண்டு மணிநேரம் ஒரே பந்தயத்தை ஓட எனக்குப் பொறுமை இல்லை. நள்ளிரவு_ஓட்டுநர் அவர்களே, கிராண்ட் ப்ரீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

சுற்று_எண்_மூன்று எழுதியது:

ஏர்பிரேக் அவர்களுக்கு ஒரு சிறு திருத்தம். 2007இல் வந்த வைப்அவுட் பல்ஸிலும், அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3க்கு வந்த வைப்அவுட் எச்டியிலும், காற்றில் பறக்கும்போது ஊர்தியை ஒருமுறை உருட்டினால் கவச ஆற்றலில் ஒரு பகுதி போய், தரையிறங்கும்போது பூஸ்ட் கிடைக்கும். அதே பேரம்தான், கடைதான் வேறு. தடத்தில் கிடைக்கும் ஆயுதத்தை எடுத்தபின் அதைச் சுடாமல் உறிஞ்சி ஆற்றலாக மாற்றும் வழியும் அங்கே உண்டு என்பதால் பேரம் இன்னும் மென்மையாக இருக்கிறது, அவ்வளவே.

எடை இல்லை என்று நீங்கள் சொன்னதையும் ஏற்க முடியவில்லை. 1,960 கிலோ எடையுள்ள ஃபயர் ஸ்டிங்ரேயையும் ப்ளூ ஃபால்கனையும் ஒரே தடத்தில் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். கனமானது நெரிசலில் மற்றவர்களைத் தட்டிவிட்டுப் போகும், பூஸ்டில் பின்தங்கும். இலகுவானது இடி வாங்கிச் சிதறும். உடல், பூஸ்ட், பிடிமானம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் போட்டிருப்பது அலங்காரத்துக்காக அன்று.

இப்போது ஏழாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். பழைய_மெமரிகார்டு அதையும் மற்ற அத்தியாயங்களோடு சேர்த்துத் தள்ளிவிட்டார் என்பதே என் வருத்தம். அது விழும் பாறையும் மூடும் கதவும் இல்லாத நேரடிப் பந்தயம். மனப்பாடம் செய்ய அதில் பெரிதாக எதுவும் இல்லை. அதை வெல்ல முடியாமல் போவதற்கு நான் பார்த்தவரை இரண்டு காரணங்கள்.

முதலாவது, பந்தயத்துக்கு முன் வரும் அந்த நகர்த்துகோல். ஒரு முனையில் முடுக்கம், மறுமுனையில் உச்சவேகம். புதிதாக வருபவர்களில் சிலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள், வேறு சிலர் பெயரைப் பார்த்து மயங்கி உச்சவேகத்தின் கடைசிவரை தள்ளிவிடுகிறார்கள். உச்சவேகம் பக்கம் வைத்தால், இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்க நெடுநேரம் ஆகும். ஆனால் பூஸ்டில் ஏறிய வேகம் நேர்ப்பாதையில் மெதுவாகவே இறங்கும். ஆகவே இடிக்காமல் ஓட்டக் கற்றவருக்கு அது வரம், ஒவ்வொரு வளைவிலும் சுவரைத் தேய்ப்பவருக்குச் சாபம். நீங்கள் எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள் என்பதை எழுதவில்லை. முதலில் முடுக்கத்தின் பக்கம் சற்று நகர்த்திவைத்து, இடிப்பது குறையக் குறைய மறுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

இரண்டாவது காரணம் பூஸ்டைப் பதுக்குவது. பட்டை சிவந்துவிடுமோ என்று பயந்து இரண்டாம் சுற்றில் பாதி ஆற்றலை மிச்சம் வைத்திருப்பார்கள். அடுத்த நிரப்பும் இடத்துக்குள் நுழையும்போது பட்டை ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கும், அதனால் பாதிதான் நிரம்பும். நிரப்பும் இடம் கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறதென்றால், உங்கள் பட்டை ஏறக்குறையக் காலியாக இருக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் கடைசி நிரப்பும் இடத்தைத் தாண்டியபின் கோட்டைக் கடக்கும்போது மிச்சமிருக்கும் ஒவ்வொரு துளியும் வீண். நான் முதன்முறை ஏழாவதை வென்றபோது கோட்டைத் தாண்டிய பிறகு ஒரு சுவரை உரசினாலே வெடித்திருப்பேன்.

கன்ட்ரோலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கேம்க்யூப் கன்ட்ரோலரின் எல், ஆர் விசைகள் எவ்வளவு ஆழம் அழுத்துகிறோம் என்பதை உணர்பவை. ஸ்விட்ச் 2 ஜாய்-கான் விசைகளோ அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. வளைவில் ஒரு பக்க விசையை அரைகுறையாகப் பிடிக்கும் வழக்கம் அங்கே செல்லாது. தட்டித் தட்டி விடுவதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

பழைய_மெமரிகார்டு எழுதியது:

சுற்று_எண்_மூன்று சொன்னதில் ஏழாம் அத்தியாயம் பற்றிய பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். அதை மற்றவற்றோடு ஒரே மூட்டையில் கட்டியது என் அவசரம். ஆனாலும் கிராண்ட் ப்ரீயில் உள்ள ஒரு சுவை அதில் இல்லை. கோப்பைப் போட்டியில் ஐந்து பந்தயங்களின் புள்ளிகள் கூட்டப்படும். ஒன்றில் ஐந்தாவதாக வந்தாலும் அடுத்ததில் ஈடுகட்டலாம். புள்ளிப் பட்டியலில் உங்களுக்கு மேலே நிற்பவரைப் பந்தயத்தின் நடுவே பக்கவாட்டில் இடித்துத் தடத்துக்கு வெளியே தள்ளிவிட்டால், அந்தப் பந்தயத்தில் அவருக்குப் புள்ளியே கிடையாது. டயமண்ட் கோப்பையின் கடைசித் தடமான ஃபாண்டம் ரோடுக்கு இரண்டு புள்ளி பின்தங்கி வந்து, முன்னிலையில் இருந்தவரை முதல் சுற்றிலேயே தேடிப்பிடித்துத் தள்ளிவிட்டு, பிறகு நிதானமாக ஓடிக் கோப்பையை எடுத்த இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. வேட்டையா ஓட்டமா என்று நீங்களே முடிவு செய்யும் அந்த உரிமையைக் கதைப் பகுதி தருவதில்லை.

99 பேர் இணையத்தில் மோதும் எஃப்-ஜீரோ 99 இந்த வேட்டையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. 2023 செப்டம்பரில் வந்த அதில் ஒருவரை வீழ்த்தினால் உங்கள் ஆற்றல் பட்டையே நீளும். ஆற்றல் விலையில் பூஸ்ட் என்ற பழக்கம் கைக்கு வர, ஜிஎக்ஸுக்கு முன் அதில் ஒரு வாரம் பயிற்சி எடுப்பதும் நல்ல வழிதான். அங்கே தோற்றால் அடுத்த பந்தயம் உடனே தொடங்கிவிடும், ஒரே தடத்தைப் பார்த்துச் சலிக்க வேண்டியதில்லை.

நள்ளிரவு_ஓட்டுநர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நகர்த்துகோலை நான் தொட்டதே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்; அது ஒலியளவைப் போன்ற ஏதோ அமைப்பு என்று நினைத்து ஒவ்வொரு முறையும் தாண்டிப் போயிருக்கிறேன்.

நேற்று இரவு அதை முடுக்கத்தின் பக்கம் தள்ளிவைத்து, பட்டையைக் காலியாக்கிக்கொண்டே நிரப்பும் இடத்துக்குள் நுழையும் முறையை முயன்றேன். முதல் நான்கு முறை வெடித்துச் சிதறினேன். ஐந்தாவது முறை, இதுவரை ஒன்பதாம் இடத்தைத் தாண்டாதவன், நான்காவதாக வந்தேன். அதன்பின் ஒருமுறை இரண்டாம் இடம். முன்னால் கதையின் வில்லன் பிளாக் ஷேடோவின் வண்டி மட்டும்தான் இருந்தது, என் பட்டையில் கால் பங்கு மிச்சம் இருந்தது. சுற்று_எண்_மூன்று சொன்னபடி அந்தக் கால் பங்குதான் நான் செய்த தவறு என்று கோட்டைத் தாண்டும்போதே புரிந்துவிட்டது.

ஏர்பிரேக் அவர்களின் அறிவுரையை மட்டும் இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். மற்றவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: கடைசி நேர்ப்பாதையில் பூஸ்டை அடுத்தடுத்து அழுத்தினால் வேகம் கூடிக்கொண்டே போகிறதா, அல்லது ஒன்று அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை அழுத்துவது நல்லதா? எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகிறது.

சுற்று_எண்_மூன்று எழுதியது:

காத்திருங்கள். ஒன்று எரிந்து முடிவதற்குள் அடுத்ததை அழுத்துவதில் பயன் இல்லை. முந்தையது அடங்கி, வேகமானி கீழே இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் அடுத்ததை அழுத்துங்கள். எண்ணைப் பார்க்க நேரம் இருக்காது, அதனால் ஒலியை வைத்துக் கணியுங்கள். ஹெட்போன் மாட்டியிருப்பது இங்கே உங்களுக்கு உதவும்.