மணலியில் ரப்பிஷ் கொட்டிய மனையில் கையால் வேலித்தூண் நடுவது எப்படி?

கேள்வி: மணலி புதுநகருக்கு அருகே உள்ள எங்கள் மனையைச் சுற்றி ஏழடிச் சிமெண்டுத் தூண்களை நட்டு முள்கம்பி கட்ட எண்ணியுள்ளோம். மேலே ஏறக்குறைய இரண்டடிக்குக் கட்டட ரப்பிஷ் (இடித்த கட்டடக் கழிவு) கிடக்கிறது. அதற்குக் கீழே களிமண். மூன்றாவது அடியைத் தொடுவதற்குள் குழியில் நீர் ஊறிவிடுகிறது. சந்து குறுகல் என்பதால் ஜேசிபி வராது. கடப்பாரை, மண்வெட்டி, பாண்டு ஆகியவற்றை மட்டுமே கொண்டு உறுதியாக நட இயலுமா?

பதில் 1 (மாதவரம் வாசி): தாராளமாக இயலும். ஆனால், இரண்டடியோடு நிறுத்திவிட்டால் தூண் முழுவதும் ரப்பிஷுக்குள்ளேயே நிற்கும். அது இறுகாத மண் என்பதால் கம்பியை முறுக்கியதும் தூண் சாய்ந்துவிடும். களிமண்ணுக்குள் அரையடியாவது இறங்கும்படி இரண்டரை அடி தோண்டுங்கள். வெளியே நாலரை அடி நின்றால் போதும். ரப்பிஷில் கடப்பாரையைக் குழியின் நடுவே ஓங்கிக் குத்துவதைவிட, செங்கல் துண்டின் விளிம்பைத் தேடி நெம்பி எடுப்பதே எளிது. நடுவில் குத்தினால் துண்டுகள் மேலும் இறுகிக்கொள்ளும். ஆழம் கூடியபின் மண்வெட்டி திரும்பாது. பழைய பெயிண்டு டப்பாவால் மண்ணை அள்ளுங்கள். கண்ணாடித் துண்டுகள் நிறையக் கிடக்கும், வெறுங்கையை விட வேண்டாம்.

பதில் 2 (மீஞ்சூர் விவசாயி): தோண்டுவதைவிடக் குழியை மூடுவதில்தான் வேலி நிற்பதும் விழுவதும் இருக்கிறது. தோண்டியெடுத்த ஈரக் களிமண்ணையே திரும்பப் போடுவது பலரும் செய்வது. அது கோடையில் சுருங்கித் தூணைச் சுற்றி விரல் நுழையும் அளவு வெடிப்பு விடும், ஐப்பசி மழையில் அந்த வெடிப்புக்குள் நீர் இறங்கி மண் சேறாகும். ஆகவே, ஊறிய நீரை மொண்டு ஊற்றிவிட்டு, அடியில் நாலு விரற்கடை ஜல்லியைப் போட்டு இடித்து, தூணை நிறுத்தித் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். பிறகு உடைத்த செங்கல்லையும் மணலையும் அரையடிக்கு ஒருமுறை கொட்டி, கடப்பாரையின் மொட்டை முனையால் சுற்றிலும் இடித்து வாருங்கள். உங்கள் மனையிலேயே செங்கல் கிடக்கும்போது ஜல்லிக்குக் கூடச் செலவு செய்வானேன்? பங்குனி, சித்திரையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது தொடங்குவது உத்தமம்.

பதில் 3 (எண்ணூர் கொத்தனார்): மூலைத் தூண்களுக்கும் கேட்டுத் தூண்களுக்கும் மட்டும் இடிப்பு போதாது, ஏனெனில் கம்பியின் இழுவை முழுவதும் அவற்றின் மீதே விழும். அங்கு 1:2:4 (சிமெண்டு, மணல், ஜல்லி) கலவையை நீர் குறைத்துப் போட்டு, மேற்பரப்பைத் தூணிலிருந்து வெளிப்புறம் சரிவாக வழித்துவிடுங்கள். குழியில் ஊறும் நீர் உப்பாக இருந்தால் அதைக் கலவைக்குப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துத் தூண் வெடிக்கும். மூலைக்கு இருபுறமும் சாய்வுமுட்டுத் தூண் கொடுத்து, ஒரு வாரமாவது கலவை இறுகியபின் கம்பியை இழுங்கள். சர்வே கல் தென்பட்டால் அதை அசைக்காமல் தூணைச் சற்று உள்தள்ளி நடுங்கள்.