பஃபருக்குத் தமிழில் என்ன சொல்வது?

கேட்டவர், திங்கள் காலை

குழுவினர்க்கு வணக்கம். நகைச்சுவைப் படக்கதையை இணையத்தில் பொழுதுபோக்காக நடத்த விரும்புவோர்க்கு ஒரு சிறு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் மெய்ப்புப் பார்ப்பவரிடம் கொடுத்தாக வேண்டும். கட்டம், பேச்சுக்குமிழி, தொடர்வரிசை என்று மற்றவற்றுக்கெல்லாம் சொல் அமைந்துவிட்டது; பஃபர் ஒன்றுதான் இடறுகிறது. வரைந்து, வசனம் எழுதி, பிழை பார்த்து, ஆனால் இன்னும் வெளியிடாமல் வைத்திருக்கும் படங்களை இத்துறையில் அப்படிச் சொல்கிறார்கள். வாரம் 2 படம் என்று அறிவித்தவரிடம் 12 படம் இருந்தால், காய்ச்சலோ தேர்வோ அலுவலக நெருக்கடியோ வந்தாலும் 6 வாரம் வாசகருக்குத் தெரியாமல் ஓட்டிவிடலாம். கணினித் துறையின் 'இடையகம்' இருக்கிறதே என்று எடுத்தாண்டு பார்த்தேன். "தொடங்குமுன் 12 படங்கள் கொண்ட இடையகம் ஒன்றை அமைத்துக்கொள்க" என்று தங்கையிடம் வாசித்துக் காட்டியபோது, அதை எந்தச் சுவரில் அமைப்பது என்று கேட்டாள்.

வேதியியல் ஆசிரியர், திங்கள் மாலை

இடையகம் வேண்டாம். பள்ளி வேதியியலில் 'தாங்கல் கரைசல்' என்று பல்லாண்டாகப் படித்து வருகிறோம். அமிலமோ காரமோ சிறிதளவு சேர்ந்தாலும் பிஎச் மதிப்பைப் பெரிதும் மாறவிடாமல் அது தாங்குகிறது. ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் தாங்கல் என்பதோ நீரைத் தேக்கிவைக்கும் ஏரி. மழை நினைத்தபோது கொட்டுகிறது, பயிரோ நாள்தோறும் கேட்கிறது, நடுவில் ஏரி நின்று இரண்டையும் ஒத்துப்போகச் செய்கிறது. படம் வரைபவருக்கு நகைச்சுவை தோன்றுவதும் மழையைப் போலத்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 5 வரும், பிறகு 3 வாரம் ஒன்றும் வராது. ஆகவே 'தாங்கல்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

ஏரி உவமை அழகுதான் ஐயா. ஆனால் "எனக்கு 4 வாரத் தாங்கல் இருக்கிறது" என்று ஒருவர் எழுதினால், யார் மேல் என்றுதான் வாசகர் கேட்பார். மனத்தாங்கல் முந்திக்கொண்டுவிட்டது. முன்கூட்டியே வரைந்தவை என்ற பொருளில் 'முன்வரைவு' என்று சொன்னால் என்ன?

தமிழாசிரியர், செவ்வாய்

முன்வரைவு என்றால், இக்காலத்தவருக்கு வரைவுக்கும் முந்தைய கிறுக்கல் என்று பொருள்படும். நமக்கு வேண்டியதோ முற்றுப்பெற்ற படம். அகப்பொருள் கற்றவருக்கு வரைவு என்பது திருமணம். தலைவியை மணந்துகொள்ளுமாறு தலைவனைத் தோழி வற்புறுத்துவது வரைவு கடாதல். அந்த வழியில் முன்வரைவு என்னவாகும் என்பதை நான் விரித்துரைக்க விரும்பவில்லை.

நம்மிடம் இதைவிடப் பழைய சொல் உண்டு. பழமொழி நானூறு, கற்றவனுக்கு எந்நாடும் தன்னாடே, ஆகையால் 'ஆற்றுணா வேண்டுவது இல்' என்கிறது. ஆறு என்பது வழி. உணா என்பது உணவு. நெடிற்றொடர்க் குற்றியலுகரமாதலால் றகரம் இரட்டி ஆற்றுணா ஆயிற்று. வழி நீளும், நடுவில் அடுப்பு மூட்ட முடியாது, எனவே புறப்படுமுன் கட்டிக்கொள்கிறோம். இதே பொருளில் நாலடியாரில் 'தோட்கோப்பு' வருகிறது. கோப்பு என்ற சொல் இன்று கணினியில் படம் சேமிக்கும் கோப்பாகவும் இருப்பதால், தோளில் சுமந்த சோறும் வட்டில் கிடக்கும் படமும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். இதைத் தற்செயல் என்று சிலர் சொல்லக்கூடும்.

மொழிபெயர்ப்பாளர், செவ்வாய்

தற்செயலேதான். கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு, ஐயா?

படக்கதை வரைபவர், புதன்

நானும் ஏழெட்டு ஆண்டுகளாக இதைப் பொழுதுபோக்காகச் செய்து வருவதால் ஒன்று சொல்லலாம் என நினைக்கிறேன். எங்கள் பேச்சில் "கைவசம் எத்தனை இருக்கிறது" என்றுதான் கேட்டுக்கொள்வோம். வசம் வடசொல் என்று யாரேனும் தொடங்குமுன், 'கையிருப்பு' என்று நானே மாற்றித் தருகிறேன்.

ஆனால் இருப்பில் வைத்தவை எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் வழிகாட்டியில் எழுதுங்கள். ஒருமுறை அவசரத்தில், வரிசையில் பின்னால் கிடந்த படத்தை எடுத்து முன்னால் போட்டுவிட்டேன். அதில் நாயகி முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அடுத்த படத்தில் இடுப்புவரை சடை. எந்த எண்ணெய் என்று 6 பேர் கேட்டு எழுதினார்கள். அன்றுமுதல் எப்போது வேண்டுமானாலும் போடக்கூடியவை ஒரு கோப்புறையிலும், வரிசை மாறக்கூடாதவை மற்றொன்றிலும் இருக்கின்றன. மாதக்கணக்கில் கிடந்ததை எடுத்துப் பார்த்தால் கோடே வேறு கையால் இழுத்ததுபோலத் தெரிகிறது என்பதால், 10 படத்துக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. நாளிதழுக்கு வரைபவர்கள் பல வாரங்கள் முன்பே படத்தை அனுப்பியாக வேண்டும்; நம்மை யாரும் கேட்பதில்லை, நாமே வைத்துக்கொள்ளும் கணக்குதான்.

தமிழாசிரியர், புதன் இரவு

அம்மா சொன்னதற்குத் தொல்காப்பியரிடம் இடம் இருக்கிறது. 'எள்ளல் இளமை பேதைமை மடனென்று' நகை நான்கு வழியில் பிறக்கும் என்கிறார். இவற்றில் எள்ளல் விரைவில் கெடும், ஏனெனில் எள்ளப்படுவது அடுத்த வாரமே மறக்கப்பட்டிருக்கும். பேதைமையில் பிறந்த நகை ஓராண்டு கிடந்தாலும் கெடாது. கதவில் 'இழு' என்று எழுதியிருக்கத் தள்ளிக்கொண்டே நிற்பவனை என்றைக்கும் போடலாம். கெடுவது, கெடாதது என்ற இந்த வேறுபாட்டை உணாவைத் தவிர வேறெந்தச் சொல் காட்டும்?

வேதியியல் ஆசிரியர், வியாழன்

கையிருப்பு எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. பஃபர் காலத்தின் அளவு. வாரம் 1 படம் போடுபவருக்கு 6 படம் என்றால் 6 வாரம். வாரம் 3 போடுபவருக்கு அதே 6 படம் 2 வாரத்தில் தீர்ந்துவிடும். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டாமா?

மொழிபெயர்ப்பாளர், வியாழன்

வீட்டில் அரிசி எவ்வளவு இருப்பு என்று கேட்டால் "10 நாளைக்கு வரும்" என்றுதானே விடை வருகிறது? "6 வாரக் கையிருப்பு" என்று எழுதினால் போதும். மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார்.

கேட்டவர், வெள்ளி காலை

அனைவர்க்கும் நன்றி. கையிருப்புக்கு 3 பேர், தாங்கலுக்கு 1, ஆற்றுணாவுக்கு 1 என்று எண்ணிக்கொண்டு, நேற்றிரவே கையிருப்பு என்று எழுதிவிட்டேன். அந்த மூவரில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தங்கையிடம் மறுபடி வாசித்துக் காட்டினேன். இம்முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வாரம் மடல்களுக்கு விடை எழுதியதில் ஒரு படமும் வரையவில்லை, இருந்த 5இல் 2 போய்விட்டன என்பதால் இழையை இத்துடன் முடித்துக்கொள்ள அனுமதி கோருகிறேன்.

தமிழாசிரியர், வெள்ளி நண்பகல்

பெரும்பான்மையை மதிக்கிறேன். ஆயினும் சொல்லடைவில் கையிருப்பு என்பதற்கு எதிரே அடைப்புக்குறிக்குள் 'ஆற்றுணா எனவும் வழங்கலாம்' என்று சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மெய்ப்புப் பார்ப்பவர் நீக்கினால் அவரிடம் நான் பேசுகிறேன்.

வேதியியல் ஆசிரியர், வெள்ளி நண்பகல்

அப்படியானால் தாங்கலும் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும்.