வெளியே போய்விட்டு வந்து அப்பா பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது, நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோட்டை_பக்கத்து_வீடு
ஏப்ரல் 10, 2020

வணக்கம். வேலூரில் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறோம். நான், மனைவி, பத்தாவது படிக்கும் பெண், அப்பா. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின் போட வேண்டும். இந்தக் கொரோனா ஊரடங்கில் டிவியைப் போட்டாலே வயதானவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் ஜாக்கிரதை என்றுதான் ஓடுகிறது, அதைக் கேட்டுக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

வெளியே போய் வர வீட்டில் நான் ஒருத்தன்தான். மருந்து, காய்கறி, ரேஷன் எல்லாம் நானே. மதியம் ஒரு மணிக்கெல்லாம் கடையை மூட வேண்டும் என்று ஆக்கியதிலிருந்து மொத்த ஜனமும் காலையிலேயே வந்து குவிகிறது. சுண்ணாம்பில் வட்டம் போட்டிருக்கிறார்கள், நாம் வட்டத்துக்குள் நின்றால் முன்னால் இடம் காலியாக இருக்கிறதே என்று ஒருத்தர் வந்து நடுவில் நிற்கிறார். அந்தக் கூட்டத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, அதே கையால் அப்பாவுக்கு ஊசி போட வேண்டும். அவருக்கு விரல் நடுக்கம், தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. எத்தனை தடவை சோப்பு போட்டாலும் மனசு ஆறவில்லை. இப்போது ஊசி போடும் நேரம் தவிர அவர் அறைக்குள் போவதையே விட்டுவிட்டேன்.

இன்சுலின் வேறு தீரப்போகிறது. வழக்கமாக வாங்கும் கடையில் சரக்கு வரவில்லை, சென்னையிலிருந்து வண்டி வந்தால்தான் உண்டு என்றார்கள். அடிக்கடி கரண்ட் போகிறது, ஃப்ரிட்ஜில் இருப்பதும் கெட்டுப்போகுமோ என்று இன்னொரு கவலை.

அப்பா தினமும் விடிகாலையில் கோட்டையைச் சுற்றி நடந்துவிட்டு, டீ குடித்து, பேப்பர் படித்துவிட்டு வருகிற மனிதர். மார்ச் மாதமே கோட்டையை மூடிவிட்டார்கள். டீக்கடையும் இல்லை. சும்மா வாசல் வரைக்கும் போய் வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார், தடுத்தால் கோபம்.

எங்கள் தெருவில் லாட்ஜ்கள் நிறைய. வைத்தியத்துக்கு வந்த பெங்கால்காரர்கள், ஜார்கண்ட்காரர்கள் அப்படியே மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அவர்கள் கடைக்கு வரும்போது என் மனைவி பயந்து ஒதுங்குகிறாள். அவளை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நான் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை. கம்பெனி மூடியிருக்கிறது, சம்பளம் பாதிதான் வந்தது, வண்டிக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். பெண்ணுக்கு மார்ச் 27 தொடங்க வேண்டிய பரீட்சை தள்ளிப்போய், எப்போது என்று தெரியாமல் புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். ஊரடங்கை 14-ம் தேதிக்கு மேலும் நீட்டிப்பார்கள் போல இருக்கிறது. உங்கள் வீட்டில் எப்படி என்று சொல்லுங்கள். முக்கியமாக அப்பா விஷயம்.

மருந்துக்கடை_தம்பி

அண்ணா, நான் காட்பாடியில் மருந்துக் கடையில் இருக்கிறேன். இன்சுலினைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் அவசரம்.

சரக்கு சுத்தமாக இல்லாமல் போகவில்லை, விட்டுவிட்டு வருகிறது. மொத்தக் கடைகளில் ஆள் இல்லை, பார்சல் வண்டிகள் ஓடவில்லை. அதனால் ஒரே கடையை நம்பி நிற்காமல் டாக்டர் சீட்டை வாட்ஸ்அப்பில் நாலு கடைக்கு அனுப்பி, இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மருந்துக் கடைக்கு ஊரடங்கில் தடை இல்லை. பாலாற்றுப் பாலத்தில் போலீஸ் நிறுத்தினால் சீட்டைக் காட்டுங்கள், விடுகிறார்கள். சீட்டு பழையது என்றால் டாக்டரிடம் போனில் பேசி புதிதாக வாங்கிக்கொள்ளலாம், போன் வழியாகவே சீட்டு கொடுக்கலாம் என்று மார்ச் 25-ல் மத்திய அரசு விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். வழக்கமான கம்பெனி கிடைக்காமல் வேறு கம்பெனி வாங்கும்போது பாட்டிலில் 40 என்று போட்டிருக்கிறதா 100 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்ற கணக்கு அது. 40 பாட்டிலுக்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 பாட்டில் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும், சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கிவிடுவார். அவசரத்தில் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுத்தாலும் நீங்கள் பார்த்து வாங்குங்கள். பாட்டிலின் பெயர் மாறியிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போடாதீர்கள்.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாட்டில் வெளியிலேயே நாலு வாரம் வரை தாங்கும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர் வெயிலில் அதுதான் கஷ்டம். ஒரு மண்பானையில் பாதி தண்ணீர் ஊற்றி, மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு அதில் மிதக்க விட்டு, நிழலில் வைத்து மூடிவிடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத எத்தனையோ வீட்டில் வருஷக்கணக்காக அப்படித்தான் வைக்கிறார்கள். ஐஸ் பெட்டியில் மட்டும் வைக்கவே கூடாது, உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும்.

பாகாயம்_சிஸ்டர்

நான் நர்ஸ். என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆற்காட்டில் அம்மா வீட்டில் இருக்கிறார்கள், டியூட்டி முடிந்து வந்து வீடியோவில்தான் முகம் பார்க்கிறேன். அதனால் உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது சார்.

சோப்பு சாதாரண விஷயம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கிருமியின் மேலே கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு பட்டால் அது கரைந்து கிருமி செத்துவிடும். இருபது நொடி, விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரல் எல்லாம் தேய்த்துக் கழுவிய கை சுத்தமான கைதான். அந்தக் கையால் தைரியமாக ஊசி போடுங்கள். வெளியே போய் வந்ததும் செருப்பை வாசலிலேயே விட்டு, துணியைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, குளித்துவிடுங்கள். போனையும் துடையுங்கள், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வெட்டலாம். காய்கறிக்குச் சோப்பு, டெட்டால், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம், வயிற்றுக்குள் போகும். ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும். கிருமி பிளாஸ்டிக்கில் மூன்று நாள் இருக்கும், அட்டையில் ஒரு நாள் இருக்கும் என்று படித்துவிட்டு நிறைய பேர் ராத்திரி தூங்குவதில்லை. அந்த ஆராய்ச்சியிலேயே நேரம் ஆக ஆக கிருமி மளமளவென்று குறைந்துவிட்டது என்றுதான் இருக்கிறது. நீங்கள் பயப்பட வேண்டியது பாக்கெட்டுக்கு இல்லை, வரிசையில் முதுகில் மூச்சு படும்படி நிற்கிற ஆளுக்கு. துணி மாஸ்க் போடுங்கள், மூக்குக்குக் கீழே இறக்காதீர்கள். கூட்டமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், அந்தக் காய் இல்லாமல் ஒரு நாள் ரசம் வைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

அப்பா அறைக்குள் போவதையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு ஆறடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து தினமும் பேசுங்கள். நோய் வந்துவிடுமோ என்ற பயத்தில் பேச்சே நின்றுபோன வீடுகளைப் பார்க்கிறேன், பெரியவர்கள் சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள், மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். இன்சுலின் போட்டுவிட்டு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் அது இன்றைக்கே வருகிற ஆபத்து. திடீரென்று வேர்த்தாலோ, கை நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்துச் சோதியுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நடப்பதற்கு மொட்டை மாடி இருந்தால் போதும், வெயில் ஏறும் முன்னால் அரை மணி நேரம். என் மாமனார் அப்படித்தான் நடக்கிறார், பக்கத்து மாடியில் அவருடைய சிநேகிதர் நடக்கிறார், இங்கிருந்து அங்கே கத்திக் கத்திப் பேசிக்கொள்கிறார்கள். பெண்ணையும் கூட அனுப்புங்கள், நாள் முழுக்கப் புத்தகத்துக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது அவளுக்கும் நல்லதில்லை.

குடியாத்தம்_அக்கா

தம்பி, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள். எங்கள் பக்கத்துக் கவலையையும் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

இங்கே தெரு முழுக்கப் பீடி சுற்றுகிற வீடுகள். ஊரடங்கு போட்டதிலிருந்து ஏஜென்ட்டிடம் இலையும் வரவில்லை தூளும் வரவில்லை. முறம் சுவரில் சாய்த்தபடியே இருக்கிறது. ஆயிரம் பீடி சுற்றினால் இவ்வளவு என்று கணக்கு, சுற்றாத நாளுக்கு ஒன்றும் இல்லை. பாதிச் சம்பளம் என்பதே எங்களுக்குக் கிடையாது. தறிக்காரர்களும் தீப்பெட்டி ஆபீஸ் போகிறவர்களும் இதே நிலைமைதான். ரேஷனில் 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள், டோக்கனை வீட்டுக்கே வந்து தந்ததால் நெரிசல் இல்லை. அந்த ஆயிரத்தில் மாமியாருக்குப் பிரஷர் மாத்திரையும் கேஸும் போனதும் மிச்சம் என்ன இருக்கும் சொல்லுங்கள்.

எனக்குத் தூக்கம் கெடுப்பது குழுக் கடன்தான். வாராவாரம் கட்ட வேண்டும். மூன்று மாசம் கட்ட வேண்டாம் என்று டிவியில் சொன்னார்கள், ஆனால் வசூல் பண்ணுகிற பையன் போனில் கூப்பிட்டு, அதெல்லாம் எங்களுக்கு இல்லை, கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்கிறான். அது உண்மையா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று, பெரியவரை அதட்டாதீர்கள். வேலை கொடுங்கள். என் மாமியாருக்கு முருங்கைக் கீரை ஆய்வதற்குக் கொடுத்துவிடுவேன், வாசல் பக்கம் போவதில்லை.

பாபுராவ்_தெரு_ஜெராக்ஸ்

லாட்ஜில் இருப்பவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டும், என் கடை அவர்களால்தான் நடக்கிறது.

அவர்கள் யாரும் புதிதாக வந்தவர்கள் இல்லை. மார்ச் 22-ல் ரயிலை நிறுத்துவதற்கு முன்னால் வந்தவர்கள். நோய் பரவிய ஊரிலிருந்து நேற்று இறங்கியது போல் அவர்களைப் பார்த்து ஒதுங்குவதில் நியாயமே இல்லை. நாம் எத்தனை நாளாக வீட்டில் இருக்கிறோமோ அத்தனை நாளாக அவர்கள் பத்துக்குப் பத்து அறையில் இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்தவர், கேன்சர் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் குழந்தை, அதன் அப்பா அம்மா. அவர்களுக்கு நோய் வந்தால் நம்மைவிட மோசமாகும், அதனால் நம்மைப் பார்த்து அவர்கள்தான் பயப்பட வேண்டும். பங்களாதேஷிலிருந்து வந்தவர்கள் நிலைமை இன்னும் கஷ்டம், ரயில் விட்டாலும் எல்லை திறக்க வேண்டும்.

மூன்று வாரத்துக்கென்று கொண்டுவந்த பணம், அறை வாடகைக்கே சரியாகப் போகிறது. வாடகையைக் குறைத்துக்கொண்ட லாட்ஜ்காரரும் இருக்கிறார், தினமும் கதவைத் தட்டுகிறவரும் இருக்கிறார். அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைக்கிறார்கள், அரிசியும் உருளைக்கிழங்கும்தான். பாஷை தெரியாமல் போலீஸ்காரர் கேட்பதற்குப் பதில் சொல்ல முடியாமல் ஆஸ்பத்திரி ஃபைலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் கடைக்குப் போகும்போது உங்கள் தெரு லாட்ஜில் யாருக்காவது மருந்து, பால் வேண்டுமா என்று கேட்டு வாங்கி வந்து வாசலில் வையுங்கள். கடையில் ஓர் ஆள் குறையும், அது உங்கள் அப்பாவுக்கும் நல்லது. வீட்டில் அண்ணியிடமும் இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

மருந்துக்கடை_தம்பி

குடியாத்தம் அக்காவுக்கு: ரிசர்வ் வங்கி மார்ச் 27-ல் சொன்னது வங்கிக்கு மட்டும் இல்லை, நிதி நிறுவனங்களுக்கும் குழுக் கடன் கொடுக்கிற கம்பெனிகளுக்கும் சேர்த்துத்தான். மார்ச் 1 முதல் மே 31 வரை வருகிற தவணையைத் தள்ளிவைக்க அனுமதி. ஆனால் கொடுக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், தானாகக் கிடைக்காது, நீங்கள் கேட்க வேண்டும். வசூல் பையனிடம் வாய்ப்பேச்சு வேண்டாம், கிளை ஆபீஸுக்குக் குழுவில் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், அல்லது மெசேஜ் அனுப்பி அதை வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், தள்ளுபடி இல்லை, அதனால் கையில் பணம் இருக்கிறவர்கள் கட்டிவிடுவதே நல்லது. கோட்டை அண்ணா, உங்கள் வண்டித் தவணைக்கும் இதுதான் கணக்கு. இன்னொன்று, மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கடையில் வாங்குகிறீர்களா அக்கா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், காசில்லாமல் கிடைக்கும்.

கோட்டை_பக்கத்து_வீடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன், 40-தான், ஊசி மூடி சிவப்பு. வேறு கடையில் அதே கம்பெனி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், காலையில் போய் வாங்குகிறேன். பானை மாடியில் கிடந்தது, கழுவி வைத்தாகிவிட்டது.

சிஸ்டர் எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்தேன். முதலில் மாடி வேண்டாம், மாடியில் யார் நடப்பார்கள் என்றார், பேத்தி கூப்பிட்டதும் போய்விட்டார். கோட்டை அங்கிருந்து தெரிகிறதா என்று பார்த்தாராம், லாட்ஜ் கட்டடம் மறைக்கிறது என்று ஒரே குறை.

ஜெராக்ஸ் அண்ணன் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். எதிர் லாட்ஜில் ஒரு சின்னப் பையனோடு ஓர் அம்மா இருப்பதை அவளும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். பால் எத்தனை பாக்கெட் வேண்டும் என்று கேட்க வேண்டும், ஆனால் இந்தி எங்களுக்கு வராது. பெங்காலியில் எழுதித் தர முடியுமா அண்ணா? பால், மருந்து, காய்கறி, இந்த மூன்று வார்த்தை போதும்.

பாபுராவ்_தெரு_ஜெராக்ஸ்

பாலுக்கு துத், மருந்துக்கு ஓஷுத், காய்கறிக்கு ஷொப்ஜி. எழுத்திலும் வேண்டும் என்றால் நாளைக்குக் காலையில் கடைக்கு வரும் வழியில் கூப்பிடுங்கள், பெரிதாக அச்செடுத்து ஷட்டர் இடுக்கில் செருகி வைக்கிறேன்.