உமிச் சாம்பலுக்குள் ஆறிய பற்கள்

படுவான்கரையிலிருந்து:
கரடியனாற்றுப் பக்கம் கிரவல் அள்ளிக்கொண்டிருந்தபோது என் உழவு இயந்திரத்தின் மண் அள்ளும் லோடர் வாளியின் 2 பற்கள் ஒரே காலையில் முறிந்தன. பழைய லொறியின் வில்தகட்டை வெட்டி, வாளியின் வாய்த்தகட்டில் நானே வெல்டிங் செய்து ஒட்டிய பற்கள் அவை. ஒட்டி ஒரு கிழமைகூட ஆகவில்லை. முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒட்டு அப்படியே நின்றது. அதிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பல்தான் போயிருந்தது. முறிந்த முகம் சீனிக் கட்டியை உடைத்ததுபோல் மணிமணியாக மின்னியது. வளைந்த அடையாளமே இல்லை.

செங்கலடியில் ஒட்டுவேலை செய்யும் அண்ணன் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றினாயா தம்பி?" ஊற்றியிருந்தேன். பின்னேரமே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வில்தகட்டு உருக்கில் ஏறத்தாழ 0.6 வீதம் கரி (காபன்) இருக்கிறது. அவ்வளவு கரியுள்ள உருக்கு நன்றாகச் சூடேறிச் சட்டென்று ஆறினால் கண்ணாடிபோல் நொறுங்கும். தண்ணீர்கூடத் தேவையில்லை, குளிர்ந்து கிடக்கும் தடித்த தகட்டில் நேரே ஒட்டினாலே, அந்தத் தகடு சூட்டை உறிஞ்சி அதே கெடுதலைச் செய்துவிடும்.

இரண்டாம் முறை அவரோடு இருந்து செய்தேன். துருவும் பெயின்டும் போகக் கிரைண்டரால் தேய்த்து வெள்ளிபோல் ஆக்கினோம். பல்லின் அடியையும் வாய்த்தகட்டையும் காஸ் சுவாலையில் மெதுவாகக் காய்ச்ச, மின்னிய இடம் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ் வந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. ஒட்டியது 7018 என்ற வெல்டிங் கம்பியால். வாவிக்காற்றில் திறந்து கிடந்த பெட்டியை அவர் தொடவிடவில்லை. கம்பி ஈரத்தை இழுத்திருந்தால் அதிலிருந்து வரும் ஐதரசன் ஒட்டின் ஓரத்தில் மறுநாள்கூட வெடிப்பு விழச் செய்யும் என்றார். முடிந்ததும் அரிசி ஆலையின் காய்ந்த உமிச் சாம்பலைப் பற்கள் மறையக் குவித்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து கையை விட்டுப் பார்த்தேன். இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

அளவைக் கேட்பவர்களுக்கு: 6 அடி வாளிக்கு 9 அங்குல இடைவெளியில் 9 பற்கள். ஓரப் பற்கள் இரண்டும் பக்கத்தகட்டோடு சேரவேண்டும். பல்லின் அடி, வாளியின் அடித்தகட்டோடு ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். கீழே சாய்ந்தால் வாளி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். வரிசையாக ஒட்டாமல் நடு, ஓரம் என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள்; தகடு கோணாது.

அக்கரைப்பற்றிலிருந்து:
அண்ணன், ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கவ்வியை வாளியிலேயே, ஒட்டும் பல்லுக்குப் பக்கத்தில் பூட்டவேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் அதை உழவு இயந்திரத்தின் உடலில் பூட்டினார். கரண்ட் லோடர் கையின் மூட்டு ஊசிகள் வழியாகப் பாய்ந்து, ஊசியும் அதைச் சுற்றிய புஷ் வளையமும் பொரிந்துபோயின.

நாவிதன்வெளியிலிருந்து:
வயல் மட்டப்படுத்தவும் இதே வாளிதான் எனக்கு. பல் இருந்தால் மண்ணில் கோடு கோடாக விழுகிறதே, என்ன செய்வது?

படுவான்கரையிலிருந்து:
தம்பி, உங்களுக்கு நிரந்தரமாக ஒட்டுவது சரிவராது. பற்களைத் தனிச் சட்டம் ஒன்றில் ஒட்டி, அந்தச் சட்டத்தை வாளியின் இரு பக்கத்திலும் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். வயல் வேலைக்குக் கழற்றி வைத்துவிடலாம். எப்படிப் பூட்டினாலும் ஒரு மூலைப் பல்லை மட்டும் குத்தி வேரையோ கல்லையோ கிளப்பாதீர்கள். உழவு இயந்திர லோடரின் கைகள் அந்த முறுக்கலைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. எனது பற்கள் ஒரு பெரும்போகம் முழுவதும் கிரவலில் ஓடிவிட்டன. நுனி ஓர் அங்குலம் தேய்ந்திருக்கிறது. 9 பற்களும் நிற்கின்றன.