கழிவோடு போய்த் திரும்பும் தாளுக்கு என்ன பெயர்?

பொருள்: மறு: ‘மேனிஃபெஸ்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கழிவை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது கூடவே போகிற தாளுக்கு, ஆங்கிலத்தில் ‘மேனிஃபெஸ்ட்’ என்பதற்கு, தமிழில் ஒரு சொல் கேட்டு எழுதியிருந்தேன். நான்கே நாளில் இத்தனை பரிந்துரைகள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்; மறுப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

> ‘சரக்குப் பட்டியல்’ ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை நானே பயன்படுத்தி, அதன் விளைவையும் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களுக்கும் கழிவு வண்டி ஓட்டுநர்களுக்கும் பயிற்சிக் கையேடு மொழிபெயர்த்தேன். ‘மேனிஃபெஸ்ட்’ வந்த இடத்தில் எல்லாம் ‘சரக்குப் பட்டியல்’ என்று போட்டேன். பட்டியல் என்றால் எத்தனை பை, எத்தனை பெட்டி, எத்தனை கிலோ, அவ்வளவுதான். ஓட்டுநர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஏற்றும்போது எண்ணினார்கள், எரியூட்டும் ஆலையில் இறக்கும்போது திரும்ப எண்ணினார்கள், கணக்கு சரியாக இருந்ததும் தாளை அங்கேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். எண்ணி முடித்த பட்டியலுக்கு அப்புறம் என்ன வேலை?

பிறகு ஒருநாள் மருத்துவமனைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அனுப்பிய தாள்களின் படிகள் (நகல்கள்) மட்டும் தேதி வாரியாக அழகாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ‘பெற்றுக்கொண்டவர்’ என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்தது. கழிவு ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததா, வழியில் ஏதாவது பள்ளத்தில் கொட்டப்பட்டதா என்று அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஓட்டுநர்கள் மேல் பிழை இல்லை. நான் கொடுத்த சொல் அவர்களுக்குப் பாதி வேலையைத்தான் சொன்னது. அந்தக் குறை இன்னும் மனதில் இருப்பதால்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

சரி, அந்தத் தாள் என்னதான் செய்கிறது? நாடு விட்டு நாடு போகும் கழிவுக்கான பாசல் உடன்படிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. 1989இல் ஏற்கப்பட்டு 1992இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அது. அதன் கழிவுப் பட்டியலில் முதல் வரியே மருத்துவமனைக் கழிவுதான். பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் கழிவைக் கொடுக்கும்போதோ வாங்கும்போதோ அந்த ஆவணத்தில் கையெழுத்திட வேண்டும். கடைசியில் அழிப்பவர், வந்து சேர்ந்தது என்று ஒருமுறையும் அழித்து முடித்தாயிற்று என்று ஒருமுறையும் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். ஆக, எண்ணிக்கை அதில் ஒரு பகுதிதான். தாளின் உயிர் மறுமொழியில் இருக்கிறது.

அமெரிக்காவில் இது பட்டுத்தான் தெரிந்தது. 1987, 1988 கோடைகளில் நியூயார்க், நியூஜெர்சி கடற்கரைகளில் பயன்படுத்திய ஊசிகளும் இரத்தக் குப்பிகளும் கரை ஒதுங்கின. குளிக்க வந்த மக்களை வெளியேற்றிக் கடற்கரைகளை மூடினார்கள். இவை எந்த மருத்துவமனையிலிருந்து வந்தவை என்று கேட்டால் பின்தொடர்ந்து போகத் தடமே இல்லை. 1988இலேயே மருத்துவக் கழிவைத் தடம்பற்றுவதற்கென்று தனிச்சட்டம் போட்டு, சில மாநிலங்களில் மட்டும் இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்த்தார்கள். அதன் நடுநாயகம் இந்தத் தாள்தான். கையெழுத்தான படி குறித்த நாளுக்குள் திரும்பவில்லை என்றால், அனுப்பிய மருத்துவமனையே தேடிப் போக வேண்டும்.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> கைமாற்றுச் சீட்டு

பொருள் அளவில் மிக நெருங்கி வருகிறது. கழிவு கை மாறுகிறது, ஒவ்வொரு கையும் ஒப்பமிடுகிறது. ஆனால் ‘கைமாற்று’ என்றதும் காதில் விழுவது அவசரத்துக்கு வாங்கும் வட்டியில்லாக் கடன். ‘கைமாற்றுச் சீட்டு’ என்று தலைப்பிட்டு ஓட்டுநரிடம் நீட்டினால், யாருக்கு யார் பணம் தரவேண்டும் என்றுதான் பார்ப்பார். ‘கைமாறு’ என்று சுருக்கினால் நன்றிக்கடனாகிவிடும். இவ்வளவு நல்ல சொல்லை விட வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓர் இடைக்குறிப்பு. ‘மேனிஃபெஸ்ட்’ என்பதன் லத்தீன் மூலத்திலும் கை இருக்கிறது. கையோடு பிடிபட்டது என்பது அதன் பழைய பொருள், அதிலிருந்து ‘வெளிப்படையானது’ என்ற பொருள் வந்தது. நாமும் ‘கையும் களவுமாக’ என்கிறோம். கையை முன்மொழிந்த நண்பரின் உள்ளுணர்வு சரியாகத்தான் போயிருக்கிறது.

> ஒப்புகைச் சீட்டு

திரும்பி வருவதை இது சொல்கிறது. அஞ்சலில் ஒப்புகை அட்டை பழகிய சொல். ஆனால் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வரும் சீட்டுக்கு இந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அதோடு, ஒப்புகை என்பது கடைசிக் கையெழுத்து மட்டுமே. ஏற்றிய இடத்திலும் வழியிலும் நடப்பது அதில் இல்லை.

> நடைச்சீட்டு, வழிச்சீட்டு

இரண்டும் போகிற திசையை மட்டும் காட்டுகின்றன. நடைச்சீட்டு அனுமதிப் பொருளிலும் வழங்குகிறது. விட்டுவிடலாம்.

> ‘தொட்டில் முதல் சுடுகாடு வரை’ என்ற கருத்தை வைத்து ஒரு சொல்?

கழிவு மேலாண்மைத் துறையே இந்த உருவகத்தைத்தான் வைத்திருக்கிறது. நமக்கு ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று பழமொழியே இருப்பதால் ஒட்டவும் ஒட்டுகிறது, கழிவில் ஒரு பகுதி நெருப்புக்குத்தான் போகிறது. ஆனாலும் வேண்டாம் என்பேன். நோயாளியின் உறவினர்கள் நிற்கும் தாழ்வாரத்தில் ‘சுடுகாடு’ என்று அச்சடித்த தாளோடு ஒருவர் நடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு இடையில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருந்தார். பொருள் விளங்கும் சொல்தான் வேண்டுமா, பொருளே தெரியாத புதுச்சொல்லைப் பழக்கிவிட்டால் என்ன? உயிரி அபாயக் குறியை அவர் எடுத்துக்காட்டியது பொருத்தம். மூன்று பிறைகள் பின்னிய அந்தக் குறி 1966இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் உருவானது. பல வடிவங்களைப் பொதுமக்களிடம் காட்டி, நன்றாக நினைவில் நிற்பதும் ஆனால் எந்தப் பொருளையும் நினைவூட்டாததுமான ஒன்றை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். வெற்றுப் பாத்திரம் என்றால் நாம் ஊற்றுவது மட்டுமே அதில் இருக்கும். குறிக்கு அது சரி. ஏனென்றால் குறி சொல்ல வேண்டியது ‘தொடாதே’ என்ற ஒன்றைத்தான். இந்தத் தாளோ ஒருவரை வரிசையாகச் சில வேலைகள் செய்ய வைக்க வேண்டும். பெயரைக் கேட்டதும் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தால், பயிற்சிக்கு வராத மாற்று ஓட்டுநர் கூடத் தவறு செய்யமாட்டார்.

நான் முன்வைப்பது ‘போய்வருசீட்டு’.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். ‘போக்குவரத்து’ என்ற சொல்லையே சில நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் போக்கும் இருக்கிறது, வரத்தும் இருக்கிறது. ஆனால் கழிவுக்குப் போக்கு மட்டும்தான், வரத்து கிடையாது, வரவும் கூடாது. வண்டி திரும்புகிறது, ஓட்டுநர் திரும்புகிறார், அவர்களோடு திரும்ப வேண்டிய இன்னொன்று இந்தத் தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘போய்வருகிறேன்’ என்போம். அந்த ‘வருகிறேன்’ ஒரு வாக்கு. தாளும் அப்படி ஒரு வாக்கோடுதான் கிளம்ப வேண்டும்.

இலக்கணம் கேட்பவர்களுக்கு: இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. அதனால் நடுவில் ‘ச்’ மிகாது. ‘போய்வருச்சீட்டு’ என்று எழுதிவிடாதீர்கள். வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்பது இங்கே நமக்கு வசதி. நிரப்பாத படிவம் போய்வரப்போகும் சீட்டு, வண்டியில் இருப்பது போய்வருகிற சீட்டு, கோப்பில் இருப்பது போய்வந்த சீட்டு. மூன்றுக்கும் ஒரே பெயர் போதும். பட்டைக்குறியும் கைப்பேசியும் வந்தபிறகு தாளே இருக்காது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்போதும் ‘மின் போய்வருசீட்டு’ என்று சொல்லலாம், ‘தாள்’ என்ற சொல் பெயருக்குள் இல்லை.

பேச்சுவழக்கு போல இருக்கிறது, அரசாணைக்கு ஏற்காது என்பார்கள். இருக்கட்டும். இதை முதலில் படிக்கப் போகிறவர் வண்டியின் முன்மூடியில் தாளை வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, பேனாவைத் தேடுகிற ஒருவர். சொல் அவர் வாயில் நிற்க வேண்டும்.

கையேட்டுக்கு வேண்டிய மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

‘ஷார்ப்ஸ்’ என்பதற்குக் ‘கூர்மையான பொருட்கள்’ நீளம், அதோடு குறையும்கூட. ஊசியும் கத்தியும் கூர்மை என்று எல்லாருக்கும் தெரியும். உடைந்த மருந்துக்குப்பியின் கண்ணாடிச் சில்லைக் கையில் எடுப்பவருக்கு அது ‘கூர்மையான பொருள்’ என்று தோன்றுவதில்லை, உடைந்த கண்ணாடி என்று பொதுப்பைக்குள் போட்டுவிடுகிறார். ‘குத்துவெட்டுக் கழிவு’ பொருளில் முழுமை, ஆனால் செய்தித்தாளின் வெட்டுக்குத்து நினைவுக்கு வருகிறது. கூர்ங்கோணம் என்ற சொல் சிலருக்குப் பள்ளியிலேயே பழகியது. அந்த வழியில் ‘கூர்ங்கழிவு’ என்று வைக்கலாம். குத்துவது, கிழிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும் என்று வரையறையில் எழுதிவிடுவோம். இதில் சொல் தெளிவாக இருப்பது முக்கியம். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி ஒருமுறை குத்தினால் தொற்று வர 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் கூர்ங்கழிவுப் பெட்டியை முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும் என்கிறார்கள்.

பையின் கழுத்தைத் திருகி, மடித்து, கட்டும் முறைக்கு ‘அன்னக்கழுத்து முடிச்சு’ என்று வந்த பரிந்துரை அழகாக இருக்கிறது. ஆனால் பணியாளர்கள் ‘திருகி மடிச்ச கட்டு’ என்கிறார்கள். ‘திருகுமடிக்கட்டு’ போதும். பையை அந்தக் கட்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், அடியில் கை கொடுக்கக் கூடாது, தொடையில் உரசவும் கூடாது என்பதை அந்தச் சொல்லோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம். வண்டியில் கசிவைத் துடைக்க வைத்திருக்கும் பொருட்களுக்கு ‘சிந்தல் பெட்டி’ என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

‘மருத்துவக் கழிவு’ என்ற தலைச்சொல்லைப் பற்றி ஒரே ஒரு கவலை. மருத்துவமனையிலிருந்து வெளியேறுவதில் ஏறத்தாழ 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான், அபாயமானது 15 சதவீதம். போக்குவரத்து விதிகள் பேசுவது அந்தப் பதினைந்தைப் பற்றி. ஆங்கிலத்திலும் குழப்பம் தீரவில்லை. அபாயப் பொருட்களுக்கான ஐ.நா. எண் 3291க்கு ‘கிளினிக்கல் வேஸ்ட்’, ‘பயோமெடிக்கல் வேஸ்ட்’, ‘ரெகுலேட்டட் மெடிக்கல் வேஸ்ட்’ என்று மூன்று பெயர்களையும் அருகருகே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் முழுமைக்கு ‘மருத்துவமனைக் கழிவு’ என்றும், அந்த எண்ணின் கீழ் வருவதற்குத் ‘தொற்றுக்கழிவு’ என்றும் பிரித்துவிட்டால் கையேட்டில் எந்த வண்டியில் எது ஏறும் என்பதில் ஐயம் வராது. இதைத் தனி இழையில் பேசலாம்.

நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்க்க இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

போய்வருசீட்டு: அபாயக் கழிவு கிளம்பும் இடத்தில் நிரப்பப்பட்டு, அதோடு பயணித்து, பொறுப்பேற்கும் ஒவ்வொருவரின் கையெழுத்தையும் பெற்று, அழித்த செய்தியோடு கிளம்பிய இடத்துக்கே திரும்பும் ஆவணம். திரும்பாதவரை அந்தக் கழிவு அனுப்பியவரின் பொறுப்பு.

கடைசி வாக்கியம் வரையறைக்குள் வேண்டுமா, குறிப்பாக வைக்கலாமா என்று சட்டம் தெரிந்த நண்பர்கள் சொல்ல வேண்டும். உள்ளேயே இருக்கட்டும் என்பது என் விருப்பம். கையேட்டின் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்