ராஜா ஹரிச்சந்திராவின் காணாமற்போன சுருள்களை மயான காண்டத்தைக் கொண்டு நிரப்பலாமா?

கேள்வி

தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) படத்தின் நான்கு சுருள்களில் முதலாவதும் கடைசியும்தான் எஞ்சியுள்ளன. அரசன் மகனுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான், வேட்டைக்குப் போகிறான், விசுவாமித்திரரின் வேள்வியில் குறுக்கிடுகிறான். அதன்பின் கதை பெரும்பாலும் தாவி, மனைவியின் கழுத்துக்கு நேரே வாளை ஓங்குவதில் போய் நிற்கிறது. நாட்டைத் தானம் கொடுத்தவன் தட்சிணைக் கடனுக்காகக் குடும்பத்தோடு பட்ட பாடு இடைப்பட்ட சுருள்களில்தான் இருந்திருக்க வேண்டும். அரிச்சந்திரன் கூத்தின் சுடுகாட்டுப் பகுதியான மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த நான் அந்த இடைவெளியை நம் கூத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வது சரியா?

மறுமொழி 1

சரியல்ல என்பேன். நம் சந்திரமதியும் லோகிதாசனும் அங்கே தாராமதி, ரோகிதாசன். பெயரை விடுங்கள், அளவைப் பாருங்கள். முழுப்படமே ஏறத்தாழ 3,700 அடி. ஒரு சுருளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் வரும். நம் மேடையில் கடன் வசூலிக்க வந்த நட்சத்திரேசன் வழிநெடுக அரிச்சந்திரனை நச்சரிக்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். சந்திரமதியின் ஒப்பாரியோ மௌனப்படத்தில் இரண்டு வரி எழுத்து அட்டையாகச் சுருங்கிவிடும். நாம் நிரப்புவது பால்கேயின் படமாக இருக்காது, நம்முடையதாகவே இருக்கும்.

மறுமொழி 2

அந்தக் கணக்கையே நான் மாற்றிப் போடுகிறேன். அத்தனை குறைந்த நேரத்தில் ஒரு புராணக் கதையைச் சொல்ல முடிந்ததே, பார்ப்பவர்களுக்குக் கதை முன்பே தெரியும் என்ற நம்பிக்கையால்தான். 1913 மே 3 அன்று பம்பாய் காரனேஷன் திரையரங்கில் அமர்ந்தவர்களும் தாம் கேட்டு வளர்ந்த கதையைக் கொண்டுதான் காட்சிகளுக்கு இடையே நிரப்பியிருப்பார்கள். எனவே நிரப்புங்கள், அது உங்கள் ஊர்க் கதை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஓர் எச்சரிக்கையும் உண்டு: இன்று நாம் பார்க்கும் பகுதி 1913-இன் படமன்று, பால்கே 1917-இல் மீண்டும் எடுத்த படத்தினுடையது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அக்காலப் படங்கள் பதிவான நைட்ரேட் சுருள் தானாகவே மக்கிப்போகும். மக்காதவற்றையும் வெள்ளிக்காக உருக்கினார்கள். ஆகவே எஞ்சிய துண்டின் பிறப்பை அறுதியிடுவது எளிதன்று.

மறுமொழி 3

கடன் கதை திரைக்கு வெளியேயும் நடந்திருக்கிறது. பால்கே ஆயுள் காப்பீட்டை அடகு வைத்து லண்டன் போய்க் கேமரா வாங்கி வந்தார். முதல் போடுபவர்களை நம்பவைக்க, ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதைப் படமெடுத்துக் காட்டினார். அப்படியும் பணம் போதாமல் மனைவி சரஸ்வதிபாயின் நகைகள் அடகுக்குப் போயின. படக்குழுவுக்குச் சமைத்துப் போட்டவரும் அந்த அம்மையாரே. நடிக்கப் பெண்கள் முன்வராததால் தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்ற ஆண், உணவகம் ஒன்றில் வேலை பார்த்தவர். ரோகிதாசனாக நடித்ததோ பால்கேயின் சொந்த மகன். கடனுக்காக விற்கப்படும் மகனாகத் தம் பிள்ளையையே நிறுத்தியவர், அந்தக் காட்சியை எப்படி எடுத்திருப்பார் என்பதுதான் எனக்குத் தீராத ஏக்கம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அந்த வில் பயிற்சிக் காட்சியில் நான் இதுவரை அரசனை மட்டுமே கவனித்திருக்கிறேன். இன்றிரவு சிறுவனைப் பார்க்கிறேன்.