பழைய வரிசை வீட்டுச் சுவர்: குளிரையும் பக்கத்து வீட்டுச் சத்தத்தையும் ஒரே வேலையில் தடுக்க இயலுமா?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தில், 1900-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். இரு புறமும் வீடுகள் ஒட்டியிருப்பதால் முன்சுவரும் பின்சுவரும் மட்டுமே வெளிக்காற்றைப் பார்த்தவை. எல்லாமே நடுவில் இடைவெளி விடாத ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு. குளிர்காலத்தில் முன்னறைச் சுவரில் கை வைக்க முடிவதில்லை, அவ்வளவு சில்லிப்பு. இடப்பக்கத்து வீட்டில் பேசுவது சொல் சொல்லாகக் கேட்கிறது. அவர்கள் மாடிப்படி ஏறினால் எங்கள் படுக்கையறை அதிர்கிறது.

பிளாஸ்டர்போர்டு (ஜிப்சம் பலகை) ஒட்டிய 50 மி.மீ. பிஐஆர் எனும் விறைப்பான வெப்பக்காப்பு நுரைப்பலகையை எல்லாச் சுவர்களிலும் பசை வைத்து ஒட்டிவிட்டால் இரண்டு தொல்லையும் ஒருசேரத் தீர்ந்துவிடும் என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். அறைகள் குறுகலானவை என்பதால் தடிமன் குறைந்த வழி எங்களுக்கு உகந்ததே. ஆனாலும் பழைய சுவரில் கை வைப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1 (ஒலித்தடுப்புப் பணியில் இருப்பவர்)

பொதுச் சுவரில் அந்தப் பலகையை ஒட்ட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கமும் மனிதர்கள் வாழும், சூடேற்றப்பட்ட வீடுதான் இருக்கிறது. ஆகவே அதன் வழியே நீங்கள் இழக்கும் வெப்பம் மிகச் சொற்பம். சத்தத்தைப் பொறுத்தவரையில் அந்தப் பலகை பயன்படாது என்பதோடு கெடுதலும் செய்யக்கூடும். விறைப்பான நுரையின் மேல் மெல்லிய பிளாஸ்டர்போர்டு ஒட்டப்படும்போது, அவை இரண்டும் சேர்ந்து பேச்சொலியை ஒட்டிய அதிர்வெண்களில் தாமே அதிரத் தொடங்குகின்றன. அதனால் வெறும் சுவரைக் காட்டிலும் கூடுதலான சத்தம் உள்ளே வந்துவிடுவதுண்டு.

ஒலியைத் தடுப்பவை எடை, காற்றுப்புகாமை, சுவரோடு தொடர்பின்மை ஆகிய மூன்றும்தான். ஒன்பது அங்குலச் செங்கல்லுக்கு எடை ஏற்கெனவே இருக்கிறது. அதை இரு மடங்காக்கினாலும் ஐந்தாறு டெசிபல்தான் குறையும். ஆகவே தொடர்பை அறுப்பதே பலன் தரும். பொதுச் சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது விலக்கி, தரையிலும் கூரையிலும் மட்டும் பிடிமானம் கொடுத்து, செங்கல்லை எங்குமே தொடாத ஒரு சட்டகத்தை நிறுத்த வேண்டும். அதனுள் 50 மி.மீ. ராக்வூலை (பாறையிலிருந்து செய்யும் கனிமப் பஞ்சு) தளர்வாக வைத்து, வெளியே 12.5 மி.மீ. ஒலித்தடுப்பு பிளாஸ்டர்போர்டை இரண்டு அடுக்காக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதவாறு அடிக்க வேண்டும். நான்கு ஓரங்களையும் அக்கவுஸ்டிக் சீலண்ட் எனும், இறுகாத ஒலித்தடுப்புப் பசை கொண்டு அடைக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் அளவுக்கு இடம் போகும். வருத்தமான விஷயம்தான், ஆனால் தடிமன் குறைந்த மாற்று எதுவும் இதற்கு ஈடாகாது. பத்து டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். சுவரில் ஒட்டும் பஞ்சுச் சதுரங்கள் அறைக்குள் எழும் எதிரொலியை அடக்குமே தவிர, அடுத்த வீட்டுக் குரலைத் தடுக்காது.

மின்சாக்கெட்டுகளை இந்தப் புதிய சுவரில் குடைந்து பதிக்க வேண்டாம். ஒரே ஒரு ஓட்டை போதும், செய்த வேலையில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

மறுமொழி 2 (பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்)

மேலே சொன்னவரோடு முழுவதும் உடன்படுகிறேன். முன்சுவர், பின்சுவர் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் மழையில் ஈரத்தை உறிஞ்சும், பிறகு இருபுறமும் உலரும். இவ்வளவு காலம் உள்ளிருந்து கசிந்த வெப்பமும் அதை உலர்த்த உதவி வந்திருக்கிறது. உட்புறம் காப்பிட்டுவிட்டால் செங்கல் முன்னைவிடக் குளிர்ந்து, அதிக நேரம் ஈரமாகவே இருக்கும். வீட்டுக்குள்ளிருந்து செல்லும் நீராவியும் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும். தரைப்பலகைகளைத் தாங்க, சுவரில் செருகப்பட்ட மரக் கட்டைகளின் நுனிகள் அந்த ஈரத்திலேயே கிடந்து, எவர் கண்ணிலும் படாமல் உளுத்துப்போவதுதான் நான் மிகவும் அஞ்சும் விளைவு.

ஆகவே, காப்பிடுவதற்கு முன் சுவரை உலர்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒழுகும் கூரைத் தண்ணீர்க் குழாய், உதிர்ந்த சாந்து, ஓதத் தடுப்பு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) மட்டத்துக்கு மேலே உயர்ந்துவிட்ட வெளித்தரை ஆகியவற்றைச் சரிசெய்யாமல் உள்ளே எதை ஒட்டினாலும் கேடுதான். செங்கல் இடுக்குகளில் சிமென்ட் பூசியிருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும்.

பொருளைப் பொறுத்தவரை, ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியேற்றக்கூடிய மரநார்ப் பலகையைச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் இடைவெளியின்றி அழுத்திப் பொருத்தி, அதன்மேல் சுண்ணாம்பு பூசுவதே இத்தகைய சுவருக்குப் பொருந்தும் என்பது என் தீர்மானமான கருத்து. தடிமனுக்குப் பேராசைப்பட வேண்டாம். உங்கள் சுவரின் யு-மதிப்பு (சுவர் வழியே வெப்பம் வெளியேறும் அளவு; குறைவாக இருந்தால் நல்லது) 2 என்று வைத்துக்கொண்டால், 40 மி.மீ. பலகை அதை 0.67 ஆகவும், 60 மி.மீ. 0.5 ஆகவும், 100 மி.மீ. 0.33 ஆகவும் குறைக்கும். முதல் நாற்பதிலேயே இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஏற்ற ஏற்ற ஆதாயம் குறைகிறது, செங்கல் குளிர்வது மட்டும் தொடர்கிறது. பாதிக்கு மேற்பட்ட பரப்பைப் புதுப்பித்தால் கட்டட விதிகள் 0.30 என்ற யு-மதிப்பைக் கேட்கும். பழைய, சுவாசிக்கும் சுவர்களுக்கு அதில் தளர்வுக்கு இடமுண்டு என்பதால், வேலை தொடங்குமுன் உள்ளாட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் பேசிவிடுங்கள். சன்னல் ஓரத்து உட்பக்கங்களை விட்டுவிடாதீர்கள், 20 மி.மீ. பலகையாவது அங்கே வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. படுக்கையறையில் பொதுச் சுவரை ஒட்டிய தரைப்பலகை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைகள் அந்தச் சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருக்கின்றன. பலகைக்குக் கீழே சுவரில் பூச்சே இல்லை. கட்டை நுழையும் இடத்தைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குச் சாந்து கொட்டிப்போயிருக்கிறது. காதை அருகில் கொண்டுபோனால் அவர்களுடைய தொலைக்காட்சி தெளிவாகக் கேட்கிறது. சட்டகச் சுவர் இதையும் சேர்த்துத் தடுக்குமா?

மறுமொழி 1 (ஒலித்தடுப்புப் பணியில் இருப்பவர்)

தடுக்காது. நீங்கள் கண்டதுதான் பேச்சுக்குரலின் முக்கிய வழியாக இருக்க வாய்ப்பு அதிகம். சட்டகம் நிற்பதோ பலகைக்கு மேலே. சட்டகத்துக்குச் செலவழிக்கும் முன், அந்தச் சுவர் நெடுகிலும் பலகைகளைத் தூக்கி, கட்டைகளைச் சுற்றியுள்ள இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பி, தெரியும் செங்கல் முழுவதிலும் பூசிவிடுங்கள். கட்டைகளுக்கு நடுவே ராக்வூல் வையுங்கள். தரைத்தளத்தில் பலகைக்குக் கீழே காற்றோட்ட வெளி இருந்தால், அதை மட்டும் அடைத்துவிடக் கூடாது. பரணிலும் ஏறிப் பாருங்கள். சில வீடுகளில் பொதுச் சுவர் கூரை வரை எழுப்பப்படாமலே விடப்பட்டிருக்கும். பயன்படாத புகைபோக்கியை மூடினால் காற்றுப்போக்கு விட்டே மூட வேண்டும்.

மாடிப்படி அதிர்வு வேறு. அவர்களுடைய படி பொதுச் சுவரிலேயே பிடிக்கப்பட்டிருந்தால், காலடி அதிர்வு நேரடியாகச் செங்கல்லில் இறங்கிவிடும். உங்கள் பக்கத்தில் எவ்வளவு செய்தாலும் ஒரு பகுதிதான் குறையும். படிகளில் அடியில் மெத்தென்ற விரிப்பு வைத்துக் கம்பளம் விரிப்பதற்கு அவர்களை இணங்கவைக்க முடிந்தால், அதன் செலவில் நீங்கள் பங்கேற்பதுகூட நியாயமானதே. பேசப் போகும்போது உங்கள் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். சுவரைத் தொடாத சட்டகத்துக்கும் சாதாரணப் பூச்சுக்கும் 1996-ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டப்படி அறிவிப்பு தேவைப்படுவதில்லை. சுவரை வெட்டி உத்தரம் பதிப்பது போன்ற வேலைக்குத்தான் இரண்டு மாதங்களுக்கு முன் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இடுக்குகளை அடைத்தபின் சில வாரங்கள் இருந்து கேட்டுப் பாருங்கள். சட்டகம் ஒரே ஓர் அறைக்குப் போதும் என்றுகூட நீங்கள் முடிவு செய்யலாம்.